காந்தம் ஒட்டாத நான்கு இடங்கள்

சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. தபால்தலை ஒட்டிய, கையால் எழுதிய கடிதம். காரின் ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பழைய முகவரிக்கு எழுதியிருந்ததால் அப்பாவின் வீட்டுக்குப் போய், அங்கே நான்கு நாள் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் கிடந்து, பிறகு என்னிடம் வந்து சேர்ந்தது. எழுதியவர் பீளமேட்டில் மென்பொருள் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கை மாறிப்போன ஹெரால்டு கார் இப்போது அவரிடம் இருக்கிறதாம். விஷயம் இதுதான்:

"பெயிண்டை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்கப் போகிறேன். பின்சக்கர வளைவுகளில் பழைய டிங்கரிங் வேலை தெரிகிறது. அது ஈயமா, பட்டியா என்பதற்கு உங்களிடம் குறிப்பு ஏதாவது இருக்கிறதா? ஈயமாக இருந்தால் மெஷினில் தேய்க்கக் கூடாது, தூசி விஷம் என்று சொல்கிறார்கள்."

குறிப்பு இருக்கிறதா என்று என்னிடமே கேட்கிறார். என்னிடம் இல்லாத குறிப்பா? ஏழு வயதிலிருந்து நோட்டு எழுதுகிறவள் நான். அட்டைப்பெட்டியைக் கீழே இறக்கி, 'ஐந்தாம் வகுப்பு பி பிரிவு' என்று அட்டையில் எழுதிய நோட்டைத் தேடி எடுத்தேன். பக்கம் உடனே கிடைத்தது. நாள்காட்டித் தாளைக் கிழித்து ஒட்டி, பக்கத்தில் நீல மையில் எழுதியிருக்கிறேன்:

"ஆவணி 9, ஞாயிறு. காலை 9.40. காந்தம் ஒட்டவில்லை. நான்கு இடம். இட்லி, தக்காளிச் சட்னி."

சட்னி வரைக்கும் எழுதத் தெரிந்தவளுக்கு, எழுத வேண்டியதை எழுதத் தெரியவில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

ஹெரால்டு எங்கள் தாத்தா வாங்கியது. அவர் போன பிறகு பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பொதுவானது. பெரியப்பா வீட்டில் நிறுத்த இடம் இல்லாததால் எங்கள் போர்டிகோவில் நின்றது. முன்பக்கம் பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒன்றாகச் சேர்ந்து முதலை வாயைத் திறப்பதுபோல முன்னால் சாயும். அதைத் திறந்து காட்டுவது அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. காரை ஓட்டுவது அல்ல, திறந்து காட்டுவது.

காரின் கீழ்ப்பகுதிகளில் துருப்பிடித்திருந்தது. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்தகடு பற்றவைத்தால், இணைப்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். அதை நிரவ இரண்டு வழி உண்டு. ஒன்று, பட்டி. டப்பாவில் வரும் பிளாஸ்டிக் பசை. கடினமாக்கும் மருந்தைக் கலந்து தடவினால் கால்மணியில் கல்லாகிவிடும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிடலாம். இன்னொன்று, ஈயம். தகட்டைப் பளபளப்பாகத் தேய்த்து, ஆசிட் தடவி, தீ காட்டி, ஈயக் குச்சியை அதன் மேல் உருக்கி, எண்ணெய் தடவிய மரக்கட்டையால் வழித்து வழித்து நிரப்பி, ஆறிய பிறகு அரம் போட்டுச் சீவ வேண்டும். பட்டி ஒருநாள் வேலை என்றால் ஈயம் ஒருமாத வேலை.

அப்பாவுக்கு ஈயம்தான். பட்டி தண்ணீர் குடிக்கும், இரண்டு மழையில் உப்பிக் கழன்று விழும் என்பார். பெரியப்பாவுக்குப் பட்டி. காரணம், அப்பாவுக்கு ஈயம்.

"ஏன்டா தம்பி, ஊட்டுச் செவுத்துக்குப் பட்டி பாத்துத்தான பெயிண்ட் அடிக்கறம்? செவுரு என்ன உப்பிப்போய் உளுந்தா கெடக்குது?" என்பார் பெரியப்பா.

"செவுரு ரோட்டுல ஓடறதில்லீங்கண்ணா. குழியில எறங்கி ஏறறதில்லீங்க."

"இந்தக் காருந்தான் ஓடறதில்ல!"

இது நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்திருக்கிறது. நான்கையும் தேதியோடு குறித்திருக்கிறேன். அம்மா ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார். "ஏனுங்க, அந்தக் கார்ல நான் உக்காந்தது ரெண்டே தடவைங்க. ரெண்டு தடவையும் பாதி வழியில எறங்கித் தள்ளுனதும் நானுதானுங்க. நீங்க ஈயம் வெச்சா என்ன, தங்கம் வெச்சா என்ன?" என்று சொல்லிவிட்டு இட்லிச் சட்டியைக் கழுவப் போய்விட்டார். அந்த வீட்டில் அன்றைக்குப் பேசப்பட்ட ஒரே உருப்படியான பேச்சு அது.

கடைசியில் அப்பாவே ஜெயித்தார். பெரியப்பாவின் மகளுக்கு, எங்கள் அக்காவுக்கு, ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவிநாசியில் மண்டபம். தாத்தாவின் காரில்தான் மண்டபத்துக்குப் போவேன் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். பெரியப்பா இறங்கி வந்தார். ஆனால் இறங்கும்போது ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கினார்: "ஈயம்னே வெச்சுக்க. ஆனா அந்த டிங்கர்க்காரன் ஈயம்னு சொல்லிப்போட்டு உள்ளுக்குள்ள பட்டிய அடைச்சிருவான். பெயிண்ட் அடிச்சாப் பொறவு எவனுக்குத் தெரியப் போகுது? உன்ற சிநேகிதன்னு நீ நம்பிக்கிட்டு இரு."

டிங்கர்க்காரர் அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அவிநாசி சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில் அவருக்கு ஒரு பட்டறை இருந்தது. வாரம் ஒருநாளாவது எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடிப்பார். சர்க்கரை மூன்று கரண்டி. நானே போட்டிருக்கிறேன். அப்பாவுக்கும் அவருக்கும் இடையில் மரியாதை என்ற ஒன்று கிடையாது.

"ஏன்டா, அடுத்த வாரம் அடுத்த வாரம்னு மூணு மாசம் ஆச்சு."

"ஈயம் என்ன உப்புமாவாடா, கிண்டி எறக்கறதுக்கு? தீ கொஞ்சம் கூடுனா மொத்தமும் கீழ ஊத்திப் போயிரும். கொறஞ்சா ஒட்டாது. வேணும்னா சொல்லு, பட்டி போட்டு நாளைக்கே தந்துபோடறன். உங்கண்ணனுக்கும் சந்தோசமா இருக்கும்."

அத்தோடு அப்பா பேச்சை மாற்றிவிடுவார்.

ஒருமுறை அப்பா என்னையும் பட்டறைக்குக் கூட்டிப்போனார். இடது பின்சக்கர வளைவில் ஈயம் வைப்பதைப் பார்த்தேன். சாம்பல் நிறக் குச்சி தீயின் ஓரத்தில் பளபளவென்று மினுங்கி, சட்டென்று வெண்ணெய்போல இளகியது. அவர் மரக்கட்டையால் அதை மேலே தள்ளினார். கீழே ஒரு சொட்டுகூட விழவில்லை. நான் கை நீட்டியபோது, "கை வெக்காத அம்மணி, அது கெட்டது. ஊட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கையக் கழுவோணும், செரியா?" என்றார். அன்றைய குறிப்பில் இப்படி இருக்கிறது: "ஈயம் பார்த்தேன். நாற்றம். கை கழுவினேன்." எந்த வளைவு, எவ்வளவு தூரம் நிரப்பினார், மிச்ச இடங்கள் அன்றைக்கு எந்த நிலையில் இருந்தன என்று ஒரு வரியும் இல்லை. இடது வளைவு என்று இப்போது நான் சொல்வதும் ஞாபகத்திலிருந்துதான்.

கார் கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால் வீட்டுக்கு வந்தது. வெண்ணெய் நிறம். தெருவே வந்து பார்த்தது. அப்பா அன்று மட்டும் முதலை வாயை ஒன்பது முறை திறந்து காட்டினார்.

மறுநாள் ஞாயிறு. பெரியப்பா காலையிலேயே வந்துவிட்டார். காரை ஒருமுறை சுற்றி வந்தார். குறை கண்டுபிடிக்க முடியாதபோது அவர் முகம் வயிற்றுவலி வந்தவரின் முகம்போல ஆகிவிடும். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, இங்க வா. பழைய கார் வாங்கறவங்க பட்டி போட்ட காரா இல்லியான்னு எப்பிடிப் பாப்பாங்க, தெரியுமா?"

தெரியாது என்றேன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு வட்டக் காந்தத்தை எடுத்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. பெயிண்டில் கோடு விழக்கூடாது என்று தன் கைக்குட்டையில் இரண்டு மடிப்புச் சுற்றி என் கையில் கொடுத்தார். "தகரத்துல வெச்சா கப்புனு புடிக்கும். பட்டி மேல வெச்சா புடிக்காது. அவ்வளவுதான் சூட்சுமம். எங்கெங்க புடிக்கலையோ, அங்கெல்லாம் ஒரு அடையாளம் வெய்யி."

பத்து வயதில் இதைவிடப் பெரிய பொறுப்பை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை. அடையாளம் வைக்க உள்ளே ஓடிப்போய் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்தேன். கதவில் வைத்தேன், கப்பென்று பிடித்தது. டிக்கி மூடியின் நடுவில் பிடித்தது. இடது பின்வளைவில் வைத்தேன். வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. ஒரு பொட்டு. வலது வளைவிலும் அப்படியே. இரண்டாவது பொட்டு. டிக்கி மூடியின் கீழ் விளிம்பு, மூன்று. கதவுக்குக் கீழே இடதுபக்க ஓரம், நான்கு. வெண்ணெய் நிறக் காரில் நான்கு மெரூன் பொட்டு.

பெரியப்பா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "நான் சொன்னா யாரு கேக்கறீங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டைச் சாத்திவிட்டுப் போனார். காந்தத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளவுமில்லை.

அப்பா நான்கு பொட்டையும் வரிசையாகப் பார்த்தார். பம்பு மோட்டார் கம்பெனியில் போர்மேன் அவர். இரும்பு, பித்தளை, செம்பு என்று நாள் முழுக்க உலோகத்தோடு புழங்குகிறவர். காந்தம் எதில் ஒட்டும், எதில் ஒட்டாது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர். அந்த மனிதருக்கு அன்றைக்கு என்ன ஆனது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அண்ணன் முன்னால் தலைகுனிந்து போனது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. ஸ்கூட்டரை எடுத்தார். "ஏறு" என்றார். சாட்சியாக என்னையும் காந்தத்தையும் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

டிங்கர்க்காரர் வேறொரு காரின் அடியிலிருந்து வெளியே வந்தார். வேலையாட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பக்கத்துப் பட்டறைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க," என்றார் அப்பா. "என்ன வேலைங்க பண்ணிப்போட்டீங்க?"

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்தால் பேச்சில் மரியாதை கூடும். அன்றுவரை 'டா' தவிர எதுவும் கேட்டிராத டிங்கர்க்காரர் அந்த 'ங்க'வைக் கேட்டு அப்படியே நின்றார்.

"என்னடா ஆச்சு?"

"காந்தம் புடிக்கலீங்க. நாலு எடத்துல புடிக்கலீங்க. ஈயம்னு சொல்லிப்போட்டுப் பட்டிய அடைச்சுக் குடுத்திருக்கீங்க. எங்கண்ணன் முன்னால நான் எப்பிடீங்க நிக்கறது?"

அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். கைக்குட்டை சுற்றிய காந்தத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஏதோ ஒன்று தெளிந்ததுபோல இருந்தது. சிரிக்கப் போகிறார் என்றுகூட நினைத்தேன். மேசையிலிருந்து சாம்பல் நிறக் குச்சி ஒன்றை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"அம்மணி, இந்தா. இதுல வெச்சு..."

"குழந்தைய எதுக்குங்க இழுக்கறீங்க?" என்று அப்பா நடுவில் புகுந்தார்.

நானும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். காந்தத்தைப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அது பெரியப்பாவின் காந்தம். மேலும் அந்தக் குச்சியைத் தொடக்கூடாது என்று சொன்னவரும் அவர்தான்.

அவர் ஒரு நிமிடம் குச்சியை நீட்டியபடியே இருந்தார். பிறகு அதை ஸ்கூட்டர் சீட்டில் வைத்துவிட்டுக் காரின் அடிக்குத் திரும்பப் போய்விட்டார். அப்பா உட்காருவதற்கு இடைஞ்சலாக இருந்த குச்சியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் ஒழுங்காகவே எழுதியிருக்கிறேன். "10.55. அப்பா டீக்கடையில் நிறுத்தினார். காந்தம் கேட்டார். கொடுத்தேன். திரும்பி உட்கார்ந்துகொண்டார். டீ ஆறிப்போனது. எனக்குத் தேங்காய் பன். 11.20 கிளம்பினோம்."

இருபத்தைந்து நிமிடம். பட்டறை அங்கிருந்து கூப்பிடு தூரம். அப்பா வந்த வழியை இரண்டு முறை திரும்பிப் பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகு வண்டியை வீட்டுப்பக்கம் திருப்பினார். பன்னில் டூட்டி ஃப்ரூட்டி குறைவு என்பதையும் எழுதியிருக்கிறேன்.

ஆவணி 13, வியாழன், கல்யாணம். பொட்டுகளை அம்மா உரித்துவிட்டார். மூன்றை மட்டும். நான்காவது, கதவுக்குக் கீழே தாழ்வான ஓரத்தில் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. அந்தப் பொட்டோடுதான் அக்கா அவிநாசிக்குப் போனாள். கார் நடுவழியில் ஒருமுறை நின்றது. இந்த முறை அம்மா இறங்கவில்லை.

டிங்கர்க்காரர் வந்திருந்தார். பத்திரிகை வைத்து அழைத்தாகிவிட்டது, வராமல் இருக்க முடியாது. அப்பா வாசலில் நின்று, "வாங்க, சாப்பிட்டுப் போட்டுப் போங்க" என்றார். அவரும் "ஆகட்டுங்க" என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்து வெளியே வந்தவர், மண்டபத்துக்கு முன்னால் நின்ற காரை ஒருமுறை சுற்றி வந்தார். கதவுக்கருகில் குனிந்தார். நகத்தால் எதையோ நெம்பி எடுத்தார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என் உள்ளங்கையில் அதை வைத்தார்.

"உன்ற பொட்டு, அம்மணி."

அன்றைய குறிப்பில் அது இல்லை. ஜாங்கிரி இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் ஆய்வகத்தில் எங்களுக்கு ஒரு தட்டு நிறைய உலோகத் துண்டுகளைக் கொடுத்து, காந்தம் ஈர்ப்பவை, ஈர்க்காதவை என்று பிரிக்கச் சொன்னார்கள். ஈர்க்காதவை வரிசையில் அலுமினியம், செம்பு, அதற்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு. ஈயம். நான் அதை எடுத்துக் காந்தத்தில் வைத்தேன். வழுக்கிக்கொண்டு விழுந்தது. மீண்டும் வைத்தேன். டீச்சர் வந்து, "எத்தனை தடவைதான் வெப்ப?" என்று கேட்கும்வரை வைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டியில் காந்தம் ஒட்டாது. ஈயத்திலும் ஒட்டாது. நான் வைத்த நான்கு பொட்டுகளும் அங்கே ஏதோ ஒன்று நிரப்பப்பட்டிருக்கிறது என்பதைத் தவிர எதையும் சொல்லவில்லை. அந்த நான்கு இடங்களில் வேலை நடந்தது எல்லோருக்கும் முன்பே தெரிந்த விஷயம்.

சாயங்காலம் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடிக்கவில்லை.

"தெரியும் கண்ணு. அன்னிக்கே தெரியும்."

"பொறவு ஏனுங்கப்பா போய்ச் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? ஈயமா இருந்தா மன்னிப்புக் கேக்கோணும். பட்டியா இருந்தா சண்டை போடோணும். எதுன்னு தெரியாம எதைப் பண்றது?"

"கொஞ்சம் சுரண்டிப் பாத்தா தெரிஞ்சு போகுமே?"

"பெயிண்ட் போயிருமல்ல," என்றார்.

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதற்கப்புறமும் ஏழு வருடம் அந்தக் கார் எங்கள் போர்டிகோவில்தான் நின்றது. சக்கர வளைவின் உள்பக்கத்தில், யாரும் பார்க்காத இடத்தில், குண்டூசி அளவுக்கு ஒரு கீறல் போதும். பெரியப்பா கீறவில்லை, ஈயமாக இருந்துவிட்டால் என்ன செய்வதென்று அவருக்குப் பயம். அப்பாவுக்கு இரண்டு பக்கமும் பயம். நானும் ஒருமுறை ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்கடியில் போய் உட்கார்ந்தேன். சற்று நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. டிங்கர்க்காரர் அதன் பிறகு எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வரவில்லை. சில வருடங்களில் பட்டறையைத் திருப்பூர் பக்கம் மாற்றிக்கொண்டார் என்று கேள்வி. கடிதம் வந்ததும் விசாரித்தேன், இடம் தெரியவில்லை. அப்பாவிடமும் கேட்டேன். "அதையெல்லாம் இப்பப் போய்க் கிளறிக்கிட்டு," என்று சேனலை மாற்றினார்.

கார் எங்களிடம் இருந்தவரை அந்த நான்கு இடங்களிலும் பெயிண்ட் உப்பவில்லை. ஈயத்துக்கு இது சாதகமான சாட்சிதான். ஆனால் கார் பெரும்பாலும் மழை படாமல் கூரைக்குக் கீழேயே நின்றது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்றைக்குப் பட்டறையில் டிங்கர்க்காரர் நீட்டிய கையில் இருந்தது அவருடைய பதில். அதை அவர் பெரியவர்களிடம் நீட்டவில்லை. காந்தம் வைத்திருந்த ஒரே ஆளிடம் நீட்டினார். அந்த ஆள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

இளைஞருக்குப் பதில் எழுதிவிட்டேன். எங்களிடம் உறுதியான குறிப்பு எதுவும் இல்லை. மெஷின் வைக்க வேண்டாம். முகமூடி போட்டுக்கொண்டு, கையால், ஈரம் வைத்துச் செய்யுங்கள். ஈயம் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கடைசி வரியை எழுதிய பிறகு மறுபடி படித்தேன். ஈயம் என்றே வைத்துக்கொள்கிறோம் என்று எங்கள் வீட்டிலிருந்து யாரும் டிங்கர்க்காரரிடம் சொன்னதில்லை.

பெயிண்டை எடுத்ததும் தெரிவிப்பதாகப் பதில் வந்தது. இதை எழுதி முடிக்கும் இன்றுவரை தகவல் இல்லை. உள்ளே இருப்பது ஈயமா, பட்டியா என்பது சரிபார்க்கப்படவில்லை.